பழகிய கல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் வீடுகளில் கம்பந்தோசைக்கும் சோளத் தோசைக்கும் வார்ப்பிரும்புக் கல்தான் சரி. கோதுமைபோல இழுவை இல்லாத மாவு. சூட்டை நின்று பிடிக்கும் கனம் அதற்கு வேண்டும். மெல்லிய தகட்டில் ஊற்றினால் பிய்ந்துதான் வரும்.

வாங்கும்போது சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் வாங்கலாம், சத்தம் அடைத்தால் எங்கோ கீறல். பளபளப்புக்காகக் கூடுதல் காசு தர வேண்டாம், அடி சமமாக இருந்தால் போதும். பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடப்பதும் எனக்குச் சம்மதமே. செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் துரு போய்விடும்.

பிறகு கல்லைப் பழக்க வேண்டும். வடிகஞ்சியில் ஊறப்போட்டு, கழுவித் துடைத்து, நல்லெண்ணெயை மெலிதாகத் தடவிச் சூடேற்றினால் எண்ணெய் இறுகிப் படலமாகும். திரும்பத் திரும்பச் செய்யச் செய்யக் கருமை ஏறும். அவசரப்பட்டு அப்பினால் பிசுக்குதான் மிச்சம். முதல் சில தோசைகள் ஒட்டும், மாட்டுக்குப் போடுங்கள்.

இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வேண்டாம். புளிப்பு படலத்தை அரித்துக் குழம்பையும் கறுக்கடிக்கும். சுடுகல்லில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். காரணம், வார்ப்பிரும்பில் கரிமம் 2 சதவீதத்துக்கு மேல். கடினம் உண்டு, வளைந்து கொடுக்காது. சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில்லாமல் காயக் காய, தோசைக்கல்லின் படலம் கருகிவிடும்.