ஜாவா பொருள் தொடராக்கம்: ஒரு மதிப்பீடு

நிரல் இயங்கும்போது உருவாகும் பொருள்கள் கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கின்றன. நிரல் நின்றதும் மறைந்துவிடுகின்றன. அவற்றைப் பைட்டுகளின் வரிசையாக மாற்றிக் கோப்பில் சேமிப்பது சீரியலைசேஷன், தமிழில் தொடராக்கம் எனப்படும். கோப்பைப் படித்து மீண்டும் பொருளாக்குவது மீளாக்கம். ஜாவா மொழியில் இவ்வசதி 1997இல் வெளியான ஜேடிகே 1.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. வேறொரு கணினியில் உள்ள பொருளை வலையமைப்பு வழியே இயக்கும் ஆர்எம்ஐ வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது.

பயன்படுத்துவது மிக எளிது. கிளாஸ் எனப்படும் இனக்குழுவின் தலைப்பில் சீரியலைசபிள் என்ற இடைமுகத்தின் பெயரைச் சேர்த்தால் போதும். அந்த இடைமுகத்தில் ஒரு செயற்கூறுகூட இல்லை. அது வெறும் முத்திரை. ஒரு பொருளைக் கோப்பில் எழுதினால், அது சுட்டும் பிற பொருள்களும் சேர்ந்தே எழுதப்படும். ஒரே பொருளை இரண்டு பொருள்கள் சுட்டினாலும் அது ஒருமுறைதான் எழுதப்படும். ஆசிரியர் மாணவரையும் மாணவர் ஆசிரியரையும் சுட்டும் வட்டமான உறவுகூடச் சிதையாமல் திரும்பக் கிடைக்கும். இந்த வேலையைத் தாமே நிரல் எழுதிச் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஜாவாவின் தொடராக்கத்தைக் குறை சொல்பவர்கள் இந்தச் சிறப்பை மறந்துவிடக் கூடாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மதிப்பெண் என்றொரு இனக்குழு இருப்பதாகக் கொள்வோம். கன்ஸ்ட்ரக்டர் எனப்படும் அதன் ஆக்கி, 0 முதல் 100 வரையிலான எண்ணை மட்டுமே ஏற்கும். ஆகவே நிரலுக்குள் 450 மதிப்பெண் பெற்ற மாணவர் உருவாக முடியாது. ஆனால் மீளாக்கத்தின்போது அந்த இனக்குழுவின் ஆக்கி அழைக்கப்படுவதே இல்லை. கோப்பில் உள்ள எண் நேராகப் பொருளுக்குள் வைக்கப்படுகிறது. ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து, 45 இருக்கும் நான்கு பைட்டுகளில் 450ஐ எழுதினால் ஜாவா மறுப்புச் சொல்லாது. பிரைவேட் என்று மறைத்துவைத்த மாறியும் கோப்பில் வெளிப்படையாகக் கிடக்கிறது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதல் பாடமே உறைபொதியாக்கம். அதையே இந்த வசதி குலைக்கிறது.

ரீட்ஆப்ஜெக்ட் என்ற செயற்கூறை எழுதி இதைத் தடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆக்கியில் எழுதிய அதே விதியை அங்கே இரண்டாம் முறை எழுத வேண்டும். மறந்தால் கம்பைலர் எச்சரிக்காது. இனக்குழுவின் பதிப்பு எண்ணான சீரியல்வெர்ஷன்யுஐடி கதையும் இதுவே. நிரலர் அதைக் குறிப்பிடாவிட்டால் ஜாவாவே இனக்குழுவின் அமைப்பிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும். பின்னாளில் பொதுச் செயற்கூறு ஒன்றைச் சேர்த்தாலும் எண் மாறிவிடும்; பழைய கோப்பு திறக்காது.

இவை சிறு தொல்லைகள் என்று விட்டுவிடலாம். 2015இல் தெரியவந்ததை அப்படி விட முடியாது. எந்த இனக்குழுவின் பொருளை உருவாக்க வேண்டும் என்பதைக் கோப்பே சொல்கிறது; அது எதிர்பார்த்த வகைதானா என்ற சோதனை, பொருள் உருவான பிறகே நடக்கிறது. அந்த ஆண்டு ஜனவரியில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் என்ற இருவர், அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் நூலகத்தின் இனக்குழுக்களைக் கோத்து, மீளாக்கத்தின் நடுவிலேயே கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்க முடியும் எனக் காட்டினர். நவம்பரில் வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், ஜென்கின்ஸ் ஆகிய மென்பொருள்கள்மீது அது மெய்ப்பிக்கப்பட்டது. தீய இனக்குழுகூடத் தேவையில்லை. 201 ஹேஷ்செட் பொருள்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய, ஆறாயிரம் பைட்டுக்கும் குறைவான ஒரு கோப்பைப் படிக்கத் தொடங்கினாலே போதும். நிரல் முடிவின்றிச் சுழலும்.

ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்ட் 2018இல் இதை 1997இல் செய்த பெருந்தவறு என்றே பேசினார். ஜாவா 9இல் வடிகட்டிகள் வந்தன. எந்த இனக்குழுக்களை அனுமதிப்பது என்று நிரலர் பட்டியலிடலாம். பட்டியல் எழுதுபவர் விழிப்பாக இருந்தால்தான் பயன். இதைவிட ஜாவா 16இல் நிலைபெற்ற ரெக்கார்ட் வகைதான் சரியான திருத்தம். ரெக்கார்டை மீளாக்கும்போது அதன் ஆக்கி கட்டாயம் அழைக்கப்படுகிறது. 450 அங்கே நின்றுவிடும். தொடக்கத்திலேயே இப்படி அமைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எழாமல் இல்லை.

புதிய நிரல்களுக்கு ஜேசன் போன்ற, தரவை மட்டும் சுமக்கும் வடிவங்களே பொருத்தம். வட்டமான உறவுகளை நிரலரே அடையாள எண் கொடுத்துக் கையாள வேண்டிவரும். ஆனால் ஜேசனுக்கு மாறியவுடன் பாதுகாப்பு தானாக வந்துவிடுவதில்லை. ஜேசன் கோப்பிலும் இனக்குழுவின் பெயரை எழுதிவைத்து, அதன்படியே பொருளை உருவாக்கும் வசதி ஜாக்சன் நூலகத்தில் உண்டு. அதை இயக்கியவர்களுக்கு அதே பழைய ஓட்டை திறந்தது. ஆபத்தான இனக்குழுக்களை ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் சேர்த்து அதைப் பலமுறை அடைக்க வேண்டியிருந்தது.