கீழ்ப்படிதலும் கீழ்ப்பட்டிருத்தலும்: தமிழ் விவிலியப் பெயர்ப்புகளில் அதிகாரத்துக்கு அடங்குதல்

1. சிக்கல்

கிறித்தவ சமயத்தில் அதிகாரத்துக்கு அடங்குதல் என்பது ஒழுக்க நெறிகளுள் ஒன்றாக மட்டுமன்றி, நம்பிக்கையின் பகுதியாகவும் பேசப்பட்டு வந்துள்ளது. அரசுக்குக் குடிமகனும், கணவனுக்கு மனைவியும், பெற்றோருக்குப் பிள்ளைகளும், திருச்சபைத் தலைவருக்கு விசுவாசியும் எவ்வாறு ஒழுக வேண்டும் என்ற வினாக்களுக்குப் புதிய ஏற்பாட்டின் சில பகுதிகளே விடையாகக் காட்டப்படுகின்றன. அவற்றுள் தலையாயது உரோமையர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத் தொடக்கம்.

இப்பகுதியின் பொருள் பற்றிய பூசல் வெறும் ஏட்டுப் பூசல் அன்று. செருமனியில் 1934இல் வெளியிடப்பட்ட பார்மென் அறிக்கை, அரசின் எல்லை எது என்பதைத் தன் ஐந்தாம் கூற்றில் வரையறுக்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் 1985இல் வெளிவந்த கைரோஸ் ஆவணம், நிறவெறி அரசுக்குத் துணைநின்ற சமய வாதத்தை 'அரசு இறையியல்' எனப் பெயரிட்டு, அது உரோமையர் 13ஐத் தவறாக ஆளுவதைக் கண்டித்தது. ஆகவே இப்பகுதியின் வினைச்சொல் ஒன்றை எவ்வாறு பெயர்ப்பது என்பதில் மனித உயிர்களும் தொடர்புற்றுள்ளன. அவ்வினைச்சொல்லைத் தமிழ் எவ்வாறு ஏற்றது, அதனால் எதை இழந்தது, எதைப் பெற்றது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. மூலத்தின் நான்கு வினைகள்

தமிழில் 'கீழ்ப்படி' என ஒரே சொல்லால் வழங்கும் பொருட்பரப்பைக் கிரேக்க மூலம் குறைந்தது நான்கு வினைகளாகப் பகுத்துள்ளது.

முதலாவது 'ஹுப்பொத்தாஸ்ஸோ'. 'ஹுப்போ' என்பது கீழ். 'தாஸ்ஸோ' என்பது வரிசைப்படுத்துதல், நிறுத்துதல், அமைத்தல். இது புதிய ஏற்பாட்டில் 38 இடங்களில் வருகிறது. இரண்டாவது 'ஹுப்பக்கூவோ'. இதன் பகுதி கேட்டலைக் குறிக்கும் 'அக்கூவோ'. இது 21 இடங்களில் வருகிறது. அவற்றுள் ஒன்றில் (அப்போஸ்தலர் பணி 12:13) கதவு தட்டும் ஓசைக்குச் செவிகொடுத்து வருதலைக் குறிப்பது இதன் அடிப்படைப் பொருளைத் தெளிவாக்கும். மூன்றாவது 'பெய்த்தோமாய்', இணங்கவைக்கப்படுதல், உடன்படுதல் என்பது பொருள். நான்காவது 'பெய்த்தார்க்கேயோ', ஆளுகையைக் குறிக்கும் சொல்லோடு மூன்றாம் வினையின் வேர் சேர்ந்து அமைந்த இது நான்கே இடங்களில் வருகிறது.

இவற்றின் வருகையிடங்கள் நோக்கத்தக்கவை. எபேசியர், கொலோசெயர் நிருபங்களின் இல்லற நெறிப் பகுதிகளில் பிள்ளைகளுக்கும் அடிமைகளுக்கும் இடப்படும் ஏவல் 'ஹுப்பக்கூவோ'. மனைவியர்க்கு உரியது 'ஹுப்பொத்தாஸ்ஸோ'. அரசை நோக்கிய ஒழுக்கத்துக்கு 'ஹுப்பக்கூவோ' ஓரிடத்திலும் ஆளப்படவில்லை. மனிதரைவிடக் கடவுளுக்கே என்று பேதுருவும் அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முன் கூறும் இடத்தில் (அப்போஸ்தலர் பணி 5:29) வருவது 'பெய்த்தார்க்கேயோ'.

உரோமையர் 13இன் முதலிரு வசனங்களில் 'தாஸ்ஸோ' என்பதன் வேர் நான்கு முறை அடுக்கி வருகிறது. அமைந்திருக்குமாறு ஏவும் வினை, அதிகாரங்கள் அமைக்கப்பட்டவை என்னும் எச்சம், எதிர்த்து அமைபவனைக் குறிக்கும் எச்சம், கடவுளின் அமைப்பு என்னும் பெயர் ஆகிய நான்கும் ஒரே வேரின் கிளைகள். வாதத்தின் ஆற்றல் இவ்வேர்த் தொடர்பில் உள்ளது. ஏவலின் காரணம் ஆள்பவரின் உயர்வு அன்று. ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே ஒழுங்கினுள் வைக்கப்பட்டவர்கள் என்பதே காரணம். இத்தொடர்பு புலப்படாத பெயர்ப்பில் காரணம் மறைந்து கட்டளை மட்டும் எஞ்சும்.

3. ஐக்கியத் திருப்புதல்

தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சேற்றியவர் சீகன்பால்கு. தரங்கம்பாடியில் 1708 அக்டோபரில் பெயர்ப்பைத் தொடங்கிய அவர், அடுத்த மாதமே டேனியக் கோட்டைத் தலைவரால் சிறைவைக்கப்பட்டு நான்கு மாத காலம் அடைபட்டிருந்தார் என்பது வரலாறு. டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பட்டவரை அம்மன்னரின் அதிகாரியே சிறையிட்டார். அதிகாரத்துக்கு அடங்குதல் பற்றிய பகுதி தமிழுக்கு வந்த சூழல் இது. அவர் பெயர்ப்பு 1715இல் அச்சில் முழுமை பெற்றது. பின்னர் பப்ரீசியுஸ் (1772), இரேனியுஸ், பெர்சிவல் ஆகியோரின் உழைப்புக்குப் பின் பவர் தலைமையிலான குழுவின் ஐக்கியத் திருப்புதல் 1871இல் முழுமையுற்றது. சீர்திருத்தத் திருச்சபைகளின் வழிபாட்டு மொழியை இன்றும் பெரிதும் ஆள்வது இதுவே.

இத்திருப்புதல் மேற்கண்ட நான்கு வினைகளுக்கும் 'கீழ்ப்படி' என்பதை ஆண்டுள்ளது. உரோமையர் 13:1, எபேசியர் 5:22, எபேசியர் 6:1, எபிரெயர் 13:17, அப்போஸ்தலர் பணி 5:29 ஆகிய ஐந்திடங்களிலும் தமிழ் வினை ஒன்றே. இதன் விளைவுகள் இரண்டு.

முதலாவது, மனைவியர்க்குரிய ஏவலும் பிள்ளைகளுக்குரிய ஏவலும் வேறுபாடின்றிப் போயின. இரண்டாவது, உரோமையர் 13:1உம் அப்போஸ்தலர் பணி 5:29உம் தமிழில் ஒரே வினையின் இரு எதிர்நிலைகளாகத் தோன்றுகின்றன. அரசுக்குக் கீழ்ப்படி என்பதும், கடவுளுக்கே கீழ்ப்படி என்பதும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகளாகி, ஒன்று ஏற மற்றொன்று இறங்க வேண்டியதாகிறது. மூலத்திலோ வினைகள் வேறு. ஓர் ஆணையை நிறைவேற்ற மறுத்தும், அதற்குரிய தண்டனையை ஏற்று ஒழுங்கினுள் நிற்றல் அங்குச் சொல்லளவிலேயே இயல்வது. மெனோனைட்டு இறையியலாளரான ஜான் ஹோவர்டு யோடர் 1972இல் வெளியிட்ட 'இயேசுவின் அரசியல்' என்னும் ஆங்கில நூலில் வலியுறுத்திய வேறுபாடு இதுவே. தமிழ் வாசகர்க்கு இவ்வாதம் செயற்கையாகத் தோன்றுமாயின், அதற்குக் காரணம் வாதத்தின் குறையன்று, சொல்லின் குறை.

ஆயினும் ஐக்கியத் திருப்புதலார்க்கு வேறுபாடு தெரியாது எனக் கூற இயலாது. 1 கொரிந்தியர் 15:28இல் குமாரன் பிதாவுக்கு அமைதலையும், உரோமையர் 8:20இல் படைப்பு மாயைக்கு உட்பட்டிருத்தலையும் குறிக்க அவர்கள் ஆண்ட சொல் 'கீழ்ப்பட்டிரு' என்பது. மூலவினை இங்கும் 'ஹுப்பொத்தாஸ்ஸோ' தான். 'கீழ்ப்படி', 'கீழ்ப்படு' என்னும் இரண்டும் ஈற்றுயிரால் மட்டும் வேறுபடும் சொற்கள். படிதல் என்பது தாழ்ந்து தங்குதல், வணங்குதல். கீழ்ப்படிதலில் ஏவுவோன் ஒருவனும் ஏவலை நிறைவேற்றும் செயலும் குறிப்பாய் நிற்கின்றன. கீழ்ப்பட்டிருத்தலில் நிலை மட்டுமே குறிக்கப்படுகிறது, ஏவல் இன்றியமையாததன்று. அண்டத்தின் ஒழுங்கைப் பேசுமிடத்தில் நிலையைக் குறிக்கும் சொல்லையும், மனித உறவைப் பேசுமிடத்தில் ஏவலைக் குறிக்கும் சொல்லையும் இத்திருப்புதல் தேர்ந்துகொண்டது. இத்தேர்வை மூலம் தரவில்லை. பெயர்ப்பாளரின் சமூகப் பார்வை தந்தது எனலாம்.

வேர்த் தொடர்பைப் பொறுத்தவரை இத்திருப்புதல் பாதி வெற்றி கண்டுள்ளது. 'நியமிக்கப்பட்டு', 'நியமம்' என்ற இணை, நான்கு கிளைகளுள் இரண்டைக் காத்துள்ளது. மற்ற இரண்டும் விடுபட்டன. மேலும், மூலத்தில் வேறுபட்ட இரு வினைகளுக்கு 'எதிர்த்து நில்' என்னும் ஒன்றே வந்துள்ளது.

ஒரு சிறப்பையும் குறிப்பிடவேண்டும். தீத்து 3:1இல் அடங்கத்தக்கனவாகச் சொல்லப்படும் 'துரைத்தனங்கள், அதிகாரங்கள்' என்னும் இணையே, எபேசியர் 6:12இல் விசுவாசி போராட வேண்டியனவாகவும் கொலோசெயர் 2:15இல் கிறிஸ்துவால் வெல்லப்பட்டனவாகவும் வருகிறது. மூலத்திலும் சொற்கள் இவையே. 'துரைத்தனம்' 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் அரசாங்கத்தைக் குறித்த நடைமுறைச் சொல். அரசுக்கும் தீய ஆற்றலுக்கும் ஒரே பெயரை வைத்து மூலத்தின் முரணை மழுப்பாமல் காத்தது, ஐரோப்பியர் ஆண்ட காலத்துப் பெயர்ப்பு ஒன்றின் நேர்மைக்குச் சான்று.

4. திருவிவிலியம்

கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்வினைகளைப் பகுத்தாள்கிறது. அரசு பற்றியும் கணவன் மனைவி பற்றியும் பேசுமிடத்துப் 'பணிந்திரு' என்றும், பிள்ளைகளுக்கும் அப்போஸ்தலர் பணி 5:29க்கும் 'கீழ்ப்படி' என்றும் கொண்டுள்ளது. 'ஹுப்பொத்தாஸ்ஸோ' தனிச்சொல் பெற்றது முன்னேற்றமே. 'இரு' என்னும் துணைவினை நிலைப்பொருளையும் தருகிறது.

ஆயினும் 'பணி' என்ற சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. பத்தி இலக்கியத்தில் பணிதல் தெய்வத்தை வணங்குதல். 'ஹுப்பொத்தாஸ்ஸோ'வில் வணக்கப் பொருள் இல்லை. 1 பேதுரு 2:17 கடவுளுக்கு அச்சத்தையும் மன்னர்க்கு மதிப்பையும் வெவ்வேறு வினைகளால் வகுத்துத் தருகிறது. அவ்வாறு வகுக்கும் மரபில், அரசுக்கு வணக்கச் சாயல் கொண்ட சொல்லை உரியதாக்குதல் சிக்கலுக்கு இடம் தருகிறது. ஏவலைக் குறிக்கும் சொல்லிலிருந்து விடுபட்ட பெயர்ப்பு, வணக்கத்தைக் குறிக்கும் சொல்லிடம் சென்று சேர்ந்துள்ளது.

எபேசியர் 5:22இல் மற்றொரு சிக்கல். பாப்பிரசு 46, வத்திக்கான் சுவடி ஆகிய தொன்மையான படிகளில் இவ்வசனத்தில் வினையே இல்லை. ஒருவருக்கொருவர் அமைதலைக் கூறும் முன்வசனத்தின் எச்சமே இங்கும் கொள்ளப்படுகிறது. ஆதலால் மனைவியின் அமைதல் இருபாலார்க்கும் பொதுவான அமைதலின் ஒரு கூறாகிறது. ஐக்கியத் திருப்புதலார் கைக்கொண்ட மரபுப் பாடத்தில் வினை இருந்ததால் அவர்களைக் குறைகூற இயலாது. திருவிவிலியத்தாரும் வினையைச் சேர்த்ததற்குத் தமிழின் தொடரமைப்பே காரணமாகலாம். வினை இறுதியில் வரும் மொழிகளில் முன்தொடரின் வினை தொகுவதே இயல்பு. பின்தொடரின் வினை தொகுவது அரிது. ஆனால் சேர்க்கப்பட்ட வினை தனி ஏவலாகி, மனைவிக்கு மட்டும் உரிய கட்டளையாகப் பிரசங்க மேடையில் ஒலிக்கிறது. துன்புறுத்தப்படும் மனைவிக்கும் பொறுத்துப்போ என அறிவுரைக்க இவ்வசனம் பயன்படும் இடங்களில், முன்வசனம் பெரும்பாலும் வாசிக்கப்படுவதில்லை.

5. எதிர்வாதங்கள்

இப்பகுப்பு முழுமையானதன்று என்பதற்கும் மூலத்தில் சான்றுகள் உள. தீத்து 3:1இல் 'ஹுப்பொத்தாஸ்ஸோ'வும் 'பெய்த்தார்க்கேயோ'வும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1 பேதுரு 3:5-6இல் மனைவியரின் அமைதலுக்குச் சாராளின் 'ஹுப்பக்கூவோ' எடுத்துக்காட்டாகிறது. எனவே அமைதலில் கீழ்ப்படிதல் அறவே இல்லை என்பது மிகைக்கூற்று. சரியாகக் கூறின், 'ஹுப்பொத்தாஸ்ஸோ' பரந்த பொருளது; சொல் கேட்டல் அதனுள் அடங்கலாம், அடங்காமலும் போகலாம். பகுதி முழுமையினுள் அடங்குவதால் முழுமைக்குப் பகுதியின் பெயரை இடுதல் முறையாகாது.

6. மாற்றுச் சொற்கள்

தமிழில் இந்நான்கு வினைகளையும் பகுத்துரைக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'ஹுப்பக்கூவோ'வுக்குச் சொல் கேட்டல், செவிசாய்த்தல் என்பன வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றன; கேட்டலும் ஏற்றொழுகலும் ஒரே சொல்லில் இணைவது இரு மொழிக்கும் பொது. 'பெய்த்தோமாய்' என்பதற்கு இணங்குதல் ஏற்றது. அரசாணையை ஏற்றலாகிய 'பெய்த்தார்க்கேயோ'வுக்குக் கீழ்ப்படிதலையே வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சிய 'ஹுப்பொத்தாஸ்ஸோ'வுக்கு அடங்குதலைப் பலர் பரிந்துரைக்கக்கூடும். திருக்குறள் தனியொரு அதிகாரம் வகுத்த அடக்கம், பிறர் ஏவலின்றித் தன்னால் தன்னை ஆளுதல். ஒன்றனுள் உட்படுதல் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ஆனால் வழக்கில் 'அடங்கிப் போ' என்பது பெண்களை நோக்கியும் ஒடுக்கப்பட்ட சாதியினரை நோக்கியும் கூறப்பட்டு வந்த சொல். 'அடங்க மறு' என்ற முழக்கம் 1990களில் தலித் அரசியலில் எழுந்ததன் காரணம் இதுவே. தமிழ்க் கிறித்தவரில் பெரும்பகுதியினர் தலித் மக்கள் என்பதை எண்ணும்போது, இச்சொல்லை மறைநூலில் நிறுவுவதன் விளைவைப் பெயர்ப்பாளர் புறக்கணிக்க இயலாது.

மூலத்தின் வேர்த் தொடர்பைத் தரவல்ல தமிழ் வேர் 'அமை'. அமைக்கப்பட்ட அதிகாரங்கள், கடவுளின் அமைப்பு, அவ்வமைப்புக்கு எதிராய் அமைபவன், அதனுள் கீழமைந்திருத்தல் என நான்கு கிளைகளும் இதில் இயல்பாய் எழுகின்றன. 'கீழமை' என்பது செவிக்குப் புதிது. வழிபாட்டு வாசிப்புக்கு உடனே ஏலாது. ஆய்வுப் பதிப்புகளில் இடம்பெறலாம். பொது வாசிப்புக்கு, ஐக்கியத் திருப்புதலார் தாமே கண்டு குமாரனுக்கு உரியதாக்கிய 'கீழ்ப்பட்டிரு' போதும். குமாரனின் அமைதலுக்கும் குடிமகனின் அமைதலுக்கும் மூலம் ஒரே சொல்லைத் தந்திருக்க, பின்னவர்க்கு மட்டும் ஏவற்சொல்லை ஒதுக்கக் காரணம் இல்லை.

7. முடிவு

ஐக்கியத் திருப்புதல் ஒரு சொல்லின் எளிமையால் கட்டளையை வலுப்படுத்திக் காரணத்தை மெலிவித்தது. திருவிவிலியம் வேறுபாட்டை மீட்டு, வணக்கச் சாயலைப் புகுத்தியது. இரண்டும் தத்தம் காலத்தின் தேவைகளுக்கு விடையளித்தவையே. எனினும், அதிகாரத்தின் ஆணையைச் செய்ய மறுப்பவர் நம்பிக்கையை மீறியவரா, அன்றி நம்பிக்கைக்குள் நின்றவரா என்ற வினா தமிழ்ச் சபைகளில் எழும்போது, அதற்கு விடைகாணப் போதிய சொற்களை வாசகர் கையில் தருவது பெயர்ப்பாளர் கடமை. அவ்விடை எதுவாயினும், அதை முன்கூட்டியே ஒரு வினைச்சொல்லினுள் வைத்துப் பூட்டிவிடுதல் பெயர்ப்பின் வேலையன்று.