சரிவோடு ஒத்துப்போன வீடு

வெலிமடையிலோ அப்புத்தளையிலோ வீடு கட்ட நினைக்கிறவர் முதலில் பெக்கோ பிடிக்கத்தான் ஓடுகிறார். மலையைக் குடைந்து, மண்ணைத் தள்ளி, சமதளம் ஒன்று கிடைத்த பிறகே அத்திவாரம். வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வெட்டுமண் நிற்கும். அடைமழை பிடித்தால் அதை நினைத்தே தூக்கம் போய்விடும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை.

சரிவில் வேறு மாதிரியும் கட்டலாம் என்பதற்கு எழுபது வருடங்களைத் தாண்டிய சான்று ஒன்று கண்டியில் இருக்கிறது. கருணாரத்ன குடும்பத்துக்காக மினெட் டி சில்வா வடிவமைத்த வீடு அது. 1951இல் முடிந்தது. அவர் கட்டிய முதல் கட்டடமும் அதுதான்.

மினெட் 1918இல் கண்டியில் பிறந்தவர். பம்பாயிலும் லண்டனிலும் படித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண் ஒருவருக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் தடவை. பிரெஞ்சு நவீனக் கட்டடக்கலையின் பெரும்புள்ளி லு கோர்பூசியே அவருக்கு நெருங்கிய நண்பர். இவ்வளவும் கைவசம் இருந்தும், ஐரோப்பிய வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து கண்டி மலையில் வைக்க அவர் விரும்பவில்லை.

வீட்டின் அழகு முழுவதும் அதன் மட்டங்களில் இருக்கிறது. நிலம் இறங்குகிற இடத்தில் வீடும் இறங்குகிறது. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் பாதி உயரமே வித்தியாசம். சில படிகள் ஏறினால் வேறொரு காம்பரா, சில படிகள் இறங்கினால் வேறொன்று. அதனால் வீட்டுக்குள் நடக்கிறவரின் பார்வை ஓரிடத்தில் நிற்பதில்லை. அறைகளைச் சுவரால் அடைத்துப் பிரிப்பதற்குப் பதில் உயரத்தால் பிரிப்பது எத்தனை நயமான யோசனை! காற்றுக்கும் இது வசதி. சூடான காற்று மேலேறுவது இயல்பு. தளங்களுக்கு நடுவே படிக்கட்டு திறந்திருந்தால் அது அந்த வழியே ஏறிப்போகும்; தோட்டத்து நிழலில் ஆறிய காற்று கீழேயிருந்து உள்ளே வரும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது தகரக் கூரைக்கடியில் வெந்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கதவுகளின் பலகத்துக்குத் தும்பறைப் பாய் நெய்கிறவர்களின் கைவேலையை மினெட் பயன்படுத்தினார். வரவேற்பறைச் சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெரிய சுவரோவியம். கட்டி முடித்த பிறகு வாங்கி மாட்டிய அலங்காரம் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. பாயை எடுத்தால் கதவே இல்லை. கைவினைஞருக்குக் கட்டடத்திலேயே வேலை கொடுத்தால்தான் அந்தத் தொழில் பிழைக்கும் என்று மினெட் நம்பினார். வட்டார நவீனக் கட்டடக்கலை என்று தம் வழிக்குப் பெயரும் வைத்தார்.

மலைநாட்டில் அதுவரை இருந்தவற்றோடு இதை ஒப்பிட்டால்தான் அந்தத் துணிச்சல் புரியும். துரை பங்களாக்கள் கணப்பு அடுப்பும் புல்வெளியுமாக இங்கிலாந்தை நினைத்துக் கட்டப்பட்டவை. லயங்களோ அங்கே வாழப்போகிற யாரையும் நினைத்துக் கட்டப்படவில்லை: பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அவ்வளவுதான்.

மினெட் தொடங்கியதைப் பிற்பாடு கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா உலகறியச் செய்தார். வெலிமடைக்காரர்கள் அவருடைய கைவண்ணத்தைப் பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. பண்டாரவளை நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம் 1960களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்தது. கரடுமுரடான கல்லால் எழுப்பிய சுவர்கள் அந்த மலையிலிருந்தே முளைத்தவை போலிருக்கும். பாவாவுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட மினெட்டுக்கு உயிரோடிருந்தபோது கிடைக்கவில்லை. 1998இல் மினெட் காலமானார்.

ஆனால் பாவாவிடம் இல்லாத ஒன்று மினெட்டிடம் இருந்தது. 1958இல் கண்டிக்கு அருகே வட்டபுலுவையில் அரச ஊழியர்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் ஒன்றைச் செய்தார். பென்சிலை எடுப்பதற்கு முன் வினாக்கொத்துக் கொடுத்தார். எத்தனை பேர், என்ன வேலை, சமையல் எப்படி, வழிபாடு எங்கே என்றெல்லாம் குடும்பங்களிடம் கேட்டறிந்தார். பல இனங்களையும் மதங்களையும் சேர்ந்தவர்கள் அவர்கள். கிடைத்த பதில்களை வைத்துப் பல வகை வீடுகளை வரைந்தார்.

பிற்காலத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் இந்திய உதவியோடு எழுந்த வீடுகளுக்கு 7 பேர்ச் நிலமும் 550 சதுர அடியும் கிடைத்தன. லயத்திலிருந்து பார்த்தால் இது பெரிய விடுதலை. தன் பேரில் ஒரு துண்டு நிலம் என்பது தலைமுறைகளின் கனவு. இருந்தும் கூட்டுக் குடும்பமோ, மகளோடு தங்கியிருக்கும் தாயோ, கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வரும் பிள்ளைகளோ ஒரே அச்சு வரைபடத்துக்குள் அடங்க மாட்டார்கள். அடுத்த திட்டத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள் ஒருமுறை வட்டபுலுவைக்குப் போய்வரட்டும். கண்டி நகரத்திலிருந்து அது அதிக தூரமில்லை.