இயந்திரமும் உத்தியோகமும்

மட்டக்களப்புப் பிரதேச மக்களின் தொழில்நோக்குப் பற்றி இரு குற்றச்சாட்டுகள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றன. வயற்கூலியாள் இயந்திரத்தை வெறுக்கிறான் என்பது ஒன்று. படித்த இளைஞன் அரசாங்க உத்தியோகமன்றி வேறெதனையும் நாடுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் மாற்றத்துக்கு அஞ்சும் மனோபாவத்தின் வெளிப்பாடுகளே என்று முடிவு கட்டுவோரும் உளர். வரலாற்றை நோக்காது செய்யப்பட்ட முடிவு அது.

வாவியின் மேற்கே படுவான்கரை வயல்களில் நிகழ்ந்தவற்றை முதலில் நோக்கலாம். எருமைகள் சூடு மிதித்த களங்களில் உழவு இயந்திரம் எளிதாகவே இடம்பிடித்துக்கொண்டது. கதிரறுத்தல், உப்பட்டி கட்டுதல், சூடு வைத்தல் ஆகிய வேலைகள் அப்போதும் மனிதக் கைகளிடமே இருந்தமை இதற்குக் காரணம். 2009இல் போர் முடிந்ததை அடுத்த ஆண்டுகளில் பரவிய அறுவடை இயந்திரமோ அறுத்தல், சூடடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிப்பது. அறுவடை வேளையில் மழைக்கு அஞ்சும் போடியாருக்கு அது பெரும் வரமென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டில் சில கிழமைகளே கிடைத்துவந்த கூலியை இழந்தோருக்கும், அறுத்த வயலிற் கதிர் பொறுக்கிய பெண்களுக்கும் ஈடாக எதுவும் வழங்கப்படவில்லை. உழவு இயந்திரத்தை ஏற்றுக்கொண்ட அதே கூலியாளே அறுவடை இயந்திரத்தைக் கண்டு முகஞ்சுளிக்கிறானெனின், அவனது மனக்குறை இரும்பின் மீதன்று. மாற்றத்தின் இலாபம் ஒருவருக்கும் நட்டம் மற்றொருவருக்குமாகப் பங்கிடப்பட்ட முறையின் மீதே.

இனி, அரசாங்கமே தொழில் வழங்க முன்வந்த இடத்தை நோக்குவோம். 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை நெல் வைக்கோலைப் பயன்படுத்தியது. வயலிற் கழிவாகக் கிடந்ததைப் பண்டமாக்கி, பிறந்த மண்ணிலேயே மாதச் சம்பளம் பெற வழிசெய்த அவ்வாலை, இப்பிரதேசம் கண்ட கைத்தொழில் முயற்சிகளுள் தலையாயது எனலாம். 1977இன் பின்னர் திறந்த சந்தைக்கு வந்த இறக்குமதிக் காகிதத்துடன் அது போட்டியிட வேண்டியதாயிற்று. பழைய பொறிகள் உரிய காலத்திற் புதுப்பிக்கப்படவில்லை. போர் எஞ்சியதையும் குலைத்தது. மாற மறுத்தவர் யார் என்ற வினாவை இங்கு எழுப்பின், தொழிலாளியைச் சுட்டுவது கடினம்.

பட்டதாரியின் மனநிலையை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிடுதல் வேண்டும். வயற்கூலி பருவத்துடன் முடிவது, மீன்பிடி போர்க்காலத் தடைகளுக்கு உட்பட்டது, ஆலை ஓய்ந்தது. அக்காலத்திலும், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் வாழ்ந்த ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் அரசாங்கச் சம்பளம் வழங்கப்பட்டே வந்தது. துப்பாக்கிகளுக்கிடையிலும் மாதந்தோறும் வந்துசேர்ந்த வருமானம் அது ஒன்றே. அதனைக் கண்டு வளர்ந்த தலைமுறை 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவின் முன் அரச நியமனம் கோரி அமர்ந்ததில் வியப்பில்லை. அதனைச் சோம்பலென்போர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுவோர் என்பதும் கவனிக்கத்தக்கது.

டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு 1971இல் அளித்த அறிக்கை இவ்விடயத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. படித்தோரின் எதிர்பார்ப்பும் கிடைக்கும் தொழிலும் பொருந்தவில்லை என்ற அதன் கருத்து இளைஞரைக் கண்டிக்கும் ஆயுதமாகிவிட்டது. தொழில்களுக்கிடையிலான வருமான, பாதுகாப்பு வேறுபாடுகளையும் அவ்வறிக்கை ஆராய்ந்ததென்பதை அதனை எடுத்தாள்வோர் மறந்துவிடுகின்றனர். வேறுபாடு நிலைத்திருக்க, எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுமாறு உபதேசிப்பது எவ்வாறு நியாயமாகும்?

இதனால் பட்டதாரிகளின் கோரிக்கை முழுவதும் ஏற்புடையதென்று கொள்ளலாகாது. 2020இல் நாடெங்கும் 50,000 அளவான பட்டதாரிகள் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். தேவையை அளவிடாது ஆட்களைச் சேர்க்கும்போது, ஒருவர் செய்யக்கூடிய கடமை பலருக்குப் பங்கிடப்படுகிறது. உத்தியோகம் கிடைக்கிறது, வேலை கிடைப்பதில்லை. ஒரு பாலமோ ஒரு பட்டறையோ இதனால் எழுவதில்லை. அரசு கடன் மீளளிப்பை நிறுத்திய 2022ஆம் ஆண்டிற் பணவீக்கம் எழுபது சதவீதத்தை எட்டியபோது, உறுதியெனக் கருதப்பட்ட அந்தச் சம்பளமும் பாதி உயிரிழந்தது. வாழைச்சேனையிற் செய்யப்பட்டதைப் போன்று உற்பத்தியைப் பெருக்கும் தொழில்களைத் தோற்றுவிக்குமாறும், பொறியைப் புதுப்பிக்கும்போது தொழிலாளிக்குப் புதுப் பயிற்சி அளிக்குமாறும் கோரும் குரல் காந்தி பூங்காவில் எழுந்த குரலினும் உரத்து ஒலித்திருக்க வேண்டும். நியமனக் கடிதமே குறிக்கோளாகிவிட்ட போராட்டம் அக்கடிதத்துடன் கலைந்துபோவது.

வாழைச்சேனை ஆலை 2021இல் மீண்டும் இயக்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், காகிதம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இன்மையால், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒருகாலத்தில் அவ்வாலைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட வைக்கோலை, அறுவடை இயந்திரம் இப்போது வயலிலேயே கொட்டிவிட்டுப் போகிறது.