சிறையிலிருந்து வந்த சந்தோஷம் – ஒரு சமண வணிகனின் வாசிப்பு

கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் பிலிப்பியருக்கு எழுதின நிருபம் என்று ஒரு சிறு கடிதம் உண்டு. நாலே அதிகாரம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். எழுதியவர் பவுல். எழுதிய இடம் சிறை. அது ரோமாபுரிச் சிறையா, எபேசுவா, செசரியாவா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. தலை போகுமா, விடுதலை கிடைக்குமா என்று தெரியாத நிலையில் இருக்கிற ஒரு மனிதர், மகிழ்ச்சி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை அந்தச் சின்னக் கடிதத்தில் 16 இடங்களில் போட்டிருக்கிறார். உரைநூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் எண்ணிப் பார்த்தேன். கடைக்காரனுக்கு எண்ணாமல் தூக்கம் வராது.

சமணனுக்கு இதில் என்ன வேலை என்று மலரைப் புரட்டுகிற அன்பர்கள் கேட்கலாம். எங்கள் நாலடியாரை 1893-இல் ஆங்கிலத்தில் அச்சேற்றி உலகத்துக்குக் காட்டியவர் ஜி.யு. போப் என்ற பாதிரியார். அந்தக் கடனில் ஒரு காலணாவாவது திருப்பிக் கொடுப்போமே என்றுதான் இந்தக் கட்டுரை.

இன்னொரு காரணமும் இருக்கு. மும்பையில் என் பாத்திரக் கடைக்கு அடுத்த கடைக்காரர் நாசரேத்துப் பக்கத்துக்காரர். முப்பது வருஷப் பழக்கம். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில், அவருடைய மூத்த பையன் போய்விட்டான். வயது முப்பத்திரண்டு. அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் இந்த நிருபத்தைத்தான் எடுத்து வாசித்து, விசுவாசி அழலாமா, எப்போதும் சந்தோஷமாக இருக்க வேண்டாமா என்று பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நண்பர் என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, நீங்க நாலு புஸ்தகம் படிக்கிறவுக. நெஜமாவே அந்தக் கடுதாசில அப்படித்தான் எழுதியிருக்கா?” அன்றைக்கு ஆறுதலாக ஏதோ சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் நிதானமாகப் படித்து அவரிடம் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஒன்பதாம் அத்தியாயத்தில் துறவி தாங்க வேண்டிய துன்பங்கள் இருபத்திரண்டு சொல்லப்படுகின்றன. பசி, தாகம், குளிர், வெப்பம், கொசுக்கடி என்று போகிறது அந்தப் பட்டியல். பரீஷகம் என்று பேர். எதற்காகத் தாங்க வேண்டும்? நெறியிலிருந்து நழுவாமல் இருக்க, பழவினை உதிர. அவ்வளவுதான். தாங்கும்போது சந்தோஷப்படு என்று சொல்லவில்லை. பார்க்கப்போனால் சிரிப்பும் (ஹாஸ்யம்) விருப்பும் (ரதி), துயரமும் அச்சமும் போலவே, உயிரை மயக்கும் வினைகளின் வரிசையில்தான் எங்கள் நூல்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லையற்ற இன்பம் என்பது வினை நீங்கிய உயிருக்கு உரியது. அது பயணம் முடிந்த இடத்தில் இருப்பது. வழியில் இருப்பவனுக்குச் சொன்னது சமநிலை ஒன்றே. ஆகவே சிறையில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷம் சந்தோஷம் என்று எழுதுகிற ஒருவரைச் சமணக் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

சந்தேகத்தைக் கொஞ்சம் தளர்த்தியது மொழிபெயர்ப்பு. புராட்டஸ்டண்டுகள் வழங்கிவரும் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிற சொல் சந்தோஷம். கத்தோலிக்கரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு மகிழ்ச்சி என்று மாற்றியிருக்கிறது. புதிய சொல் தமிழாகவும் அழகாகவும் இருக்கிறது. ஆனால் வடமொழியில் சந்தோஷம் என்றால் முதற்பொருள் போதும் என்கிற நிறைவு. பொருளாசைக்கு எதிர்நிலையாக எங்கள் நூல்களிலும் அந்தப் பொருளில்தான் வரும். கடிதத்தின் நாலாம் அதிகாரத்தில், எந்த நிலையிலும் போதும் என்று இருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிற இடம் ஒன்று வருகிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மனரம்மியம் என்று போட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது புரியாது. ஆனால் சந்தோஷம், மனரம்மியம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால், இது கொண்டாட்டக் குதூகலம் இல்லை, வேறு ஏதோ அடங்கிய பொருள் என்பது காதிலேயே படும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைப் பக்தி நூலாகவே படிப்பவர்கள் அதில் இருக்கிற பேரேட்டைக் கவனிப்பதில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தன் குலம், படிப்பு, கௌரவம் எல்லாவற்றையும் லாபம் என்ற பத்தியிலிருந்து எடுத்து நஷ்டம் என்ற பத்தியில் எழுதுகிறார். லாப நஷ்டத்துக்கான கிரேக்க வணிகச் சொற்களே அங்கே வருகின்றன. நாலாம் அதிகாரத்தில் பற்று வரவுக் கணக்கைப் பற்றிய சொல் வருகிறது. உங்கள் கணக்கில் வரவு ஏறட்டும் என்கிற பேச்சு வருகிறது. கடைசியாக, எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அவர் எழுதும் இடத்தில் வருகிற வினைச்சொல், அந்தக் காலத்து எகிப்தியப் பாப்பிரஸ் ரசீதுகளில் ‘முழுத்தொகையும் பைசல்’ என்பதற்கு வழங்கிய அதே சொல். பிலிப்பியர்களோடு தனக்குள்ள உறவுக்கு அவர் எடுத்தாளும் ‘கொய்னோனியா’ என்ற சொல்லும் கூட்டு வியாபாரத்துக்கு வழங்கியதுதான். லூக்காவின் சுவிசேஷத்தில் சேர்ந்து மீன் பிடித்தவர்களைக் கூட்டாளிகள் என்று சொல்வதும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லால்தான்.

இதில் வியப்பில்லை. பிலிப்பி நகரத்துச் சபை தொடங்கியதே ஒரு வியாபாரியின் வீட்டில். தியத்தீரா ஊரைச் சேர்ந்த லீதியாள் என்ற பெண். இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த சாயத்துணி விற்றவள். பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் கடை வைத்தவள், நம்மைப் போல. (அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம்.) அந்தக் காலத்துச் சிறையில் சாப்பாட்டுக்கே வெளியிலிருந்து வருகிற சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் நம்பித்தான் இருக்க வேண்டும். பிலிப்பிக்காரர்கள் காசும் பொருளும் சேர்த்து எப்பாப்பிரோதீத்து என்ற ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். அதற்கு வந்த பதில்தான் இந்தக் கடிதம். அதாவது இது ஒரு ரசீது.

இப்போது அந்தப் பதினாறு இடங்களுக்குத் திரும்பி வருவோம். அநேகமாக ஒவ்வொன்றிலும் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்கிறார். உங்களை நினைத்து சந்தோஷம். உங்கள் சந்தோஷம் வளர நான் உயிரோடிருப்பது. நீங்கள் ஒருமனப்பட்டால் என் சந்தோஷம் நிறையும் என்பது. நானும் உங்களோடு, நீங்களும் என்னோடு என்பது. நீங்களே என் சந்தோஷம் என்பது. தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து மனசைப் பிழிந்து எடுத்த சந்தோஷமாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கூட்டுக் கணக்கில் வைத்த முதல் அது. ஒருவர் பெயரில் எழுத முடியாது.

இதைவிட முக்கியமான இடம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி. பணம் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தான். அவன் செத்திருந்தால் எனக்குத் துக்கத்தின் மேல் துக்கம் வந்திருக்கும் என்ற கருத்தில் பவுல் எழுதுகிறார். கவனியுங்கள், அந்த நோயைப் பற்றிப் பேசும்போது சந்தோஷப்படுங்கள் என்ற சொல்லே இல்லை. அவன் திரும்பி வருவதை நீங்கள் கண்ணால் பார்க்கும்போது சந்தோஷப்படுவீர்கள், அப்போது என் துக்கமும் குறையும் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் அழுதுகொண்டே எழுதுவதாகவும் சொல்கிறார். பதினாறு இடத்தையும் படித்த பிரசங்கியார் இந்த இரண்டு இடத்தை ஏன் தாண்டிப் போனார்?

இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள் என்பது என் துணிபு. பவுல் பட்ட சிறை அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. நான் நம்புவதை விடமாட்டேன் என்று சொன்னதற்குக் கொடுத்த விலை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் எந்த விலையும் பேசவில்லை. அவனைக் கேட்காமல் வந்த நஷ்டம் அது. முதல் வகைத் துன்பத்துக்குச் சொன்னதை இரண்டாம் வகைக்கு அப்படியே விற்பது ஒரு சரக்கின் சீட்டை இன்னொரு சரக்கில் ஒட்டுவது மாதிரி. இரண்டாம் வகைக்கு இந்தக் கடிதத்தில் இருக்கிற உதாரணம் எப்பாப்பிரோதீத்துவின் நோய். அங்கே பவுல் துக்கம் என்ற சொல்லைத்தான் எழுதினார்.

என் நண்பர் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊரடங்கு நாட்களில் அவருடைய சபைப் பாடகர் குழுவில் ஏழெட்டுப் பேர் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு போனில் ஒன்றாகச் சேருவார்கள். பேச்சு கிடையாது. ஆளுக்கொரு வீட்டிலிருந்து இரண்டு கீர்த்தனை பாடிவிட்டு வைத்துவிடுவார்கள். தாளம் ஒத்தே வராது, போன் அப்படி. நண்பர் பாடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நாளோ என்னவோ கழித்து ஒரு ராத்திரி அவரும் சேர்ந்து பாடினாராம். பிலிப்பியிலேயே பவுலும் சீலாவும் அடிபட்டு, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பாடினார்கள் என்று அதே 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கேயும் இரண்டு பேர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு அனுபவித்த துன்பத்தைப் ‘பாடுகள்’ என்கிறார்கள். படு என்பதிலிருந்து வந்த பெயர் அது. பாட்டுப் பாடு என்கிற வினை வேறு வேர். இலக்கணம் தெரிந்தவர்கள் இரண்டையும் குழப்ப மாட்டார்கள். ஆனாலும் ஒரே ஒலியில் இரண்டும் நிற்பது தமிழுக்கு வாய்த்த ஒன்று என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பொருளைத் தமிழில் காவியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). திருநெல்வேலிக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் கிறிஸ்தவரானவர். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து 1894-இல் நூலாயிற்று. மூலம் ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதை. பனியனும் சிறைக்காரர்தான். பெட்ஃபோர்டு ஊரில் 1660 முதல் 1672 வரை. பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள், சொல்லவில்லை. சிறையில் காலணிக் கயிறு பின்னி விற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். கண் தெரியாத மூத்த மகளை நினைத்துத் தான் உடைந்துபோனதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்.

பனியனில் கதைத் தலைவன் கடைசி ஆற்றைக் கடக்கும்போது பயந்து மூழ்குகிறான். விசுவாசம் அப்போது அவனைக் கைவிட்டது போலத்தான் இருக்கிறது. கூட வந்தவன்தான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறான். 1684-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதைவிட அருமையான இடம் ஒன்று உண்டு. நம்பிக்கையின்மை என்கிற அரக்கனைக் கொன்றபின் பயணிகள் வழியிலேயே இசைத்து ஆடுகிறார்கள். ஆடுகிறவர்களில் ஒருவன் நொண்டி. ஒரு கையில் ஊன்றுகோலை விடாமல் பிடித்துக்கொண்டு, அதே அரக்கனிடம் சிறைப்பட்டிருந்து மீண்ட பெண்ணின் கையை மறு கையில் பிடித்து ஆடுகிறான். துன்பத்தில் கிறிஸ்தவர் சொல்லும் சந்தோஷம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த ஊன்றுகோலைத்தான் காட்டுவேன்.

கிருஷ்ணபிள்ளை எடுத்துக்கொண்டது முதல் பாகத்தை. அது எனக்குக் குறைதான். ஆனால் பனியனில் விரிவாக இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளையே காவியப் பகுதியாக்கினார். பிடித்து இழுத்தும் பழித்தும் அடித்தும் செய்கிற கொடுமைக்கு நடுவே பேசாமல் நிற்கிற ஒருவரையும், பார்த்துக் கலங்குகிறவர்களையும் கம்பன் வழி விருத்தத்தில் வைக்கிறார். அந்த இடம் எனக்கு அந்நியமாக இல்லை. பொறுமையாக நிற்கிற அந்த உருவத்தில் எங்கள் பரீஷகத்தைப் பார்க்கிறேன். நூலின் உயரமும் அங்கேதான். மோட்ச இன்பத்தை வருணிக்கும்போது உவமைகள் மளமளவென்று கொட்டுகின்றன. அலங்காரம் கூடிப்போய் மனசில் பதிவது குறைகிறது. ஆனால் கதை நடுவே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாக்களை இடையிட்டாரே, அது நல்ல யோசனை. விருத்தம் ஒருவர் படிப்பது. இசைப்பா பலர் சேர்ந்து பாடுவது.

ஒத்துக்கொள்ள முடியாத இடமும் எனக்கு உண்டு. துன்பப்படுவதே உங்களுக்கு அருளப்பட்டது என்ற தொனியில் முதல் அதிகாரத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. ஒருவர் கொடுக்க இன்னொருவர் வாங்குவதாகத் துன்பத்தை எங்களால் பார்க்க முடியாது. அவரவர் வினை, அவரவர் அனுபவிப்பது, அவரவர் உதிர்ப்பது. இது நண்பரிடமும் சொன்னேன். “அதுல நீங்க உங்க வழி, நாங்க எங்க வழி அண்ணாச்சி” என்றார். சரிதான். ஆனால் தனியாகத் தாங்குவதற்கு எங்களிடம் இருக்கிற இலக்கணம் போல, சேர்ந்து தாங்குவதற்கு இவ்வளவு நுட்பமான ஒரு கணக்கை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

நம் சங்கத்துப் பிள்ளைகளில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் இரட்சணிய யாத்திரிகத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பாயிரத்திலேயே களைத்துப் போவார்கள். குமார பருவத்தில் தொடங்கட்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் பதம் பிரித்துச் சொன்னால் நல்லது. பிலிப்பியர் நிருபத்துக்கு அந்தத் துணையும் வேண்டாம். பழைய மொழிபெயர்ப்பையும் 1995 மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனத்தை மட்டும் முதலில் படியுங்கள்.