அந்த மூலையை வெட்டிடுப்பா!

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதனூரில் கல்லூரி நண்பர் வீட்டில் பிரியாணி முடிந்து, கண் சொக்கும் நேரம். நண்பரின் மகன் பன்னிரண்டு போட்டோ பிரின்ட்களைக் கொண்டுவந்து தரையில் வரிசையாகப் பரப்பினான். வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் வேலை, ஞாயிறானால் தோளில் கேமரா என்று திரிகிற பையன்.

“அங்கிள், எப்படியிருக்குன்னு சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் இரண்டே பதில்கள்தான். ஒன்று, “சூப்பர்!” இன்னொன்று, “என்ன கேமரா?” முதல் பதில், எழுந்து போவதற்கு வாங்கிக்கொள்ளும் அனுமதி. இரண்டாவது, பையனுக்குச் சேரவேண்டிய புகழை ஜப்பான் கம்பெனிக்கு மணியார்டர் செய்வது.

நான் பதினோரு ‘சூப்பர்’ சொன்னேன். மணலில் கொக்கு, சூப்பர். மலைமேல் மேகம், சூப்பர். பன்னிரண்டாவது படத்தில் நின்றேன். விடியற்காலைப் பாலாறு. நிஜமாகவே தண்ணீர் ஓடுகிறது! அதன்மேல் தங்கத்தை உருக்கி ஊற்றியதுபோல வெயில். இடது கீழ் மூலையில் மட்டும் வெள்ளையாக என்னவோ. உற்றுப் பார்த்தால், நுரை.

இருபது வருஷம் பத்திரிகை ஆபீஸில் லேஅவுட் பார்த்த கை சும்மா இருக்குமா? கட்டைவிரலால் அந்த மூலையை மறைத்துக் காட்டினேன். “இதை மட்டும் வெட்டிடுப்பா. காலண்டர்லயே போடலாம்.”

பையன் மெல்லச் சொன்னான். “அங்கிள், அந்த நுரைக்காகத்தான் எடுத்தேன்.”

உள்ளேயிருந்து நண்பரின் குரல். “நானும் அதையேதான் சொன்னேன். இந்தப் படத்தை யாருகிட்டயும் காட்டாதடான்னு.” நண்பருக்குச் சம்பளம் வருவது தோல் கம்பெனியிலிருந்து.

ஆக, ஒரே மூலையை இரண்டு பேர் மறைக்கப் பார்த்திருக்கிறோம். அவர் வீட்டுச் சோற்றை நினைத்து. நான் காலண்டரை நினைத்து. அவர் காரணத்திலாவது ஒரு பயம் இருக்கிறது. என்னுடையது வெறும் பழக்கம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? போட்டோ போட்டிகளுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ‘ஃபியாப்’ போன்ற சர்வதேச அமைப்புகளின் விதிப்படி, ‘இயற்கை’ பிரிவுக்கு அனுப்பும் படத்தில் மனிதக் கைவரிசை, சில விலக்குகள் தவிர, தெரியக்கூடாது. கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக்கூடாது. ஆனால், ஓரத்தை வெட்டலாம். போட்டிக்கு அது நியாயமான விதிதான். அதையே கண்ணாடிபோல மாட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கும்போதுதான் வம்பு. கரன்ட் கம்பியா, வெட்டு. குப்பையா, வெட்டு. கடைசியில் மிஞ்சுவது எந்த ஊர் ஆறு என்றே தெரியாத ஓர் ஆறு.

பெரிய பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. 1982 பிப்ரவரி ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ அட்டையில், செங்குத்தான பக்கத்தில் அடங்கவேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளையே கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தார்கள். இன்றுவரை திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. 1996-ல் கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி, சட்பரி என்ற ஊரில் நிக்கல் கழிவு ஓடுவதைப் படமெடுத்தார். கறுத்த நிலத்தில் நெருப்பாக ஓர் ஆரஞ்சு நிற ஆறு. அசந்துபோய்ப் பார்த்துவிட்டு, இது விஷமாச்சே என்று பிறகுதான் உறைக்கும். விஷத்தை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே அந்த ஆறு படத்தில் இருக்கவேண்டும்!

அதே 1996 ஆகஸ்டில்தான் இந்த வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவு பற்றி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்கவேண்டும் என்றது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜனவரியில் மறுபடி பாலாறு, மறுபடி சுப்ரீம் கோர்ட், மறுபடி இழப்பீடு. நான் கட்டைவிரலால் மறைத்த இடத்தின் வயசு அவ்வளவு.

நான் பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் 1896-ஆம் வருஷத்து இங்கிலாந்து வழக்கு ஒன்று வரும். கிங்ஸ்டன் காட்டன் மில் கேஸ். ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தான், மோப்ப நாய் இல்லை என்று அதில் ஒரு நீதிபதி சொன்னதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போதுதான் உபயோகப்பட்டது. படம் பார்க்கிறவனும், குற்றம் எங்கே என்று மோப்பம் பிடித்தபடி நுழையக்கூடாது. முதலில் என்ட்ரியைப் படிக்கவேண்டும். எதை எடுக்கப் போனாய் என்று கேட்டுவிட்டு, அது வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

“ஸாரிப்பா. மறுபடி பார்க்கலாம்” என்று உட்கார்ந்தேன். தூக்கம் போய்விட்டது.

“நுரைதான் விஷயம்னா அது ஏன் மூலையில ஒளிஞ்சிக்கிட்டிருக்கு? என் கண்ணு நேரா வெயிலுக்குத்தான் போச்சு. நுரை ஏதோ தவறி உள்ளே வந்த மாதிரி இருக்கு. அதனாலதான் எனக்கு வெட்டத் தோணிச்சு. கீழே இறங்கு, முழங்கால் உயரத்துல கேமராவை வை. நுரை முன்னால வரட்டும், வெயில் பின்னால நிக்கட்டும். அப்புறம், கலரை ஏத்தியிருக்கே. வெயில்ல பொய் தெரிஞ்சா நுரையையும் நம்ப மாட்டாங்க.”

“ஆனா அங்கிள், கரையில வழுக்கும், அதனாலதான்...” என்று ஆரம்பித்தவன், தானே நிறுத்திக்கொண்டான். கெட்டிக்காரன். ஒவ்வொரு பிரின்டோடும் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாது என்று அவனுக்கே புரிந்துவிட்டது. பென்சில் எடுத்து, படத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டான்.

“இன்னொண்ணு. நுரை எங்கேர்ந்து வந்துச்சுன்னு படம் சொல்லாது. அதனால நீயும் சொல்லாதே. இடம், தேதி, நேரம். அது போதும். வவுச்சர் இருக்கிறதை மட்டும் எழுது.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. நண்பர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் புதுப் படம் வந்தது. பாதிப் படத்துக்கு நுரை, பனிக்கட்டி மலைபோல. அதற்குப் பின்னால், ஒன்றும் தெரியாத மாதிரி சூரியன். கீழே மாதனூர், தேதி, காலை 6.20. நான் ‘சூப்பர்’ போடவில்லை. “அடிவானம் இடதுபக்கம் சாய்ஞ்சிருக்கு” என்று எழுதினேன்.

“ஆமா அங்கிள். ஒரு கால் சேத்துல புதைஞ்சிடுச்சு.”

“அப்பா பார்த்தாரா?”

“பார்த்தார். ஒண்ணும் சொல்லல. தேதி கரெக்டான்னு மட்டும் கேட்டார்.”