சுற்றுக்குள் நுழைந்த விரல்

1965இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் வைட்லர் வடிவமைத்த 709 என்ற சில்லு மின்னணுப் பொறியாளர்களுக்குப் பெரிய வரமாக வந்தது. கூடவே ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. நுண்ணிய மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் அதன் குறிப்பிட்ட கால்களில் மின்தேக்கியும் மின்தடையும் இணைத்து அடக்கி வைக்காவிட்டால், எதுவும் கொடுக்காமலே அது தானாக அலைவுறத் தொடங்கிவிடும். ஸ்பீக்கரில் இணைத்தால் வீறிடும். 1968இல் 741 என்ற அடுத்த சில்லு வந்தது. அடக்கி வைக்கும் மின்தேக்கி அதற்குள்ளேயே இருந்தது. தொல்லை ஒழிந்ததென்று பொறியாளர்கள் 741க்கு மாறிக்கொண்டார்கள்.

அந்தத் தொல்லையையே இசைக்கருவியாக்கியவர் மிஷெல் வைஸ்விஸ். ஆம்ஸ்டர்டாமில் 1969இல் தொடங்கப்பட்ட ஸ்டைம் என்ற மின்னிசைக் கூடத்தில், 1970களின் நடுவில் அவர் உருவாக்கிய கருவியின் பெயர் கிராக்கிள் பாக்ஸ். உள்ளங்கை அகல மரப்பெட்டி, ஒன்பது வோல்ட் பாட்டரி, சிறிய ஸ்பீக்கர், மேற்பரப்பில் ஆறு உலோகத் தகடுகள். வாசிப்பதற்குக் கட்டைகளோ திருகுவதற்குக் குமிழ்களோ கிடையாது. 709இன் கால்கள் நேரே அந்தத் தகடுகளுக்கு வந்து நிற்கின்றன. பொறியாளர் எந்த இடத்தில் மின்தேக்கியை வைத்து அடக்குவாரோ, அந்த இடத்தில் வாசிப்பவரின் விரல் உட்காருகிறது. இரண்டு தகடுகளைச் சேர்த்துத் தொட்டால் ஒரு கீச்சொலி. மூன்றாவதைக் கட்டைவிரலால் தடவினால் அது உடைந்து உறுமலாகும். அழுத்தத்தைத் தளர்த்தினால் விக்கி விக்கித் தேயும். அதே விரல்களை அதே இடத்தில் மறுபடி வைத்தாலும் அதே ஒலி திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. இசைக்கூடத்துக்கு வெளியே, பொதுமக்கள் கைகளுக்கும் அது ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தது.

தொட்டு வாசிக்கும் மின்னணுக் கருவிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாக ஒரே நேர்க்கோடு வரைகிறார்கள். தெரமினில் தொடங்கி, மெல்ல மெல்ல நுட்பம் கூடி, இன்றைய நுண்ணுணர்வுப் பலகைகளில் வந்து முடியும் வளர்ச்சிக் கதை அது. எனக்கு அந்தக் கோடு சரியாகப் படவில்லை. இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் கருவி விரலை அளக்கிறது. விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கை ஒலியை உண்டாக்கும் பகுதிக்கு ஆணையாக அனுப்புகிறது. இன்னொன்றில் மின்னோட்டமே விரலின் வழியாகப் போகிறது. தோலின் ஈரமும் அழுத்தமும் ஒலியின் மூலப்பொருளாகிவிடுகின்றன. முதல் வழி புகழ்பெற்றது, பணமும் அங்கேதான் இருக்கிறது. உண்மையான புதுமை இரண்டாவதில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதல் வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1920 வாக்கில் பெத்ரோகிராதில் லேவ் தெர்மென் உருவாக்கிய தெரமினில், மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் இரண்டு அலைவுச் சுற்றுகள் ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் நமக்குக் கேட்கும் ஒலி. கை ஆண்டெனாவை நெருங்கும்போது மின்தேக்குதிறன் துளியினும் துளியாக மாறுகிறது. அதுவே சுருதியை ஏற்றி இறக்கப் போதும். 1922இல் தெர்மென் அதை லெனினிடம் வாசித்துக் காட்டினார். 1929இல் அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. வயலின் பயின்ற கிளாரா ராக்மோர் கையில் அது பாடியது. மற்ற பெரும்பாலோர் கையில் பாடவில்லை. வெட்ட வெளியில் விரலுக்கு ஊன்றுகோல் இல்லை. 1928இல் பாரிசில் மொரீஸ் மார்த்தெனோ கம்பியில் ஓடும் மோதிரத்தையும், இடக்கையால் அழுத்தி ஒலியளவை ஆளும் விசையையும் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தார். 1949இல் பாஸ்டனில் அரங்கேறிய ஒலிவியே மெசியானின் துரங்கலீலா சிம்பொனியில் ஆர்கெஸ்ட்ராவை மீறி எழும் குரல் அந்தக் கருவியுடையது. பெர்லினில் 1930இல் பிறந்த டிராட்டோனியம் உலோகப் பட்டையின் மேல் கட்டிய கம்பியை அழுத்தி வாசிப்பது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் கேட்கும் பறவைக் கூச்சலை அதன் வளர்ந்த வடிவத்தில்தான் ஆஸ்கர் சாலா உண்டாக்கினார்.

இந்த வரிசையில் நான் அதிகம் மதிப்பது கனடாவின் ஹியூ லெ கேன் என்ற இயற்பியலாளரை. தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ராடார் வேலை பார்த்தவர், 1945இலிருந்து 1948வரை எலெக்ட்ரானிக் சாக்பட் என்ற கருவியைக் கட்டினார். அதன் கட்டையை ஆழ அழுத்தினால் ஒலி பெருகும். பக்கவாட்டில் தள்ளினால் சுருதி வளையும். இடக்கையின் ஒவ்வொரு விரலும் ஒலியின் நிறத்தில் ஓர் அம்சத்தை மாற்றும். மின்னழுத்தத்தால் ஒலியை ஆளும் முறை, பின்னால் வந்த சின்தசைசர்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளமான முறை, அதில் அப்போதே இருந்தது. சந்தைக்கு வராத ஒரே காரணத்தால் பல வரலாறுகளில் அவர் பெயர் அடிக்குறிப்பாகிப் போனது.

1960களின் நடுவில் ராபர்ட் மூக் தம் சின்தசைசருக்குப் பியானோக் கட்டைகளைப் பொருத்தினார். அதே ஆண்டுகளில் சான்ஃபிரான்சிஸ்கோவில் டான் புக்லா அதை மறுத்தார். இசையமைப்பாளர்கள் மார்ட்டன் சுபாட்னிக்கும் ரமோன் செண்டரும் கேட்டதன் பேரில் அவர் கட்டிய பெட்டியில் தொட்டால் உணரும் தகடுகளே இருந்தன. கறுப்பு வெள்ளைக் கட்டைகளைக் கண்டதும் விரல் பழைய இசையைத்தான் தேடிப் போகும் என்று அவர் கருதினார். 1967இல் வெளிவந்த சுபாட்னிக்கின் ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்’ இசைத்தட்டு அந்தப் பிடிவாதத்தின் பலன். இதைப் புரிந்துகொள்ள நம் வாசகர்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. கட்டைகளுக்கு நடுவே கமகத்துக்கு இடமில்லை என்ற மனக்குறை நம் இசையுலகில் பழையது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்ததன் பின்னணியிலும் அது இருந்தது. வீணையில் தந்தியை இழுக்கும் விரல் அதிரும் பொருளையே பற்றியிருக்கிறது. கட்டைகள் அந்தப் பிடியை அறுத்துவிடுகின்றன.

அறுந்ததை ஒட்டவைக்கும் முயற்சிகளில் மிக நுட்பமானது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய கன்டினுவம். சிவப்பு நியோப்ரீன் விரித்த நீண்ட பரப்பு. ஒவ்வொரு விரலின் இடவல நகர்வு, முன்பின் நகர்வு, அழுத்தம் அனைத்தையும் தனித்தனியே அளக்கும். ஏ.ஆர். ரகுமான் 2009இல் வந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் அதை வாசித்திருக்கிறார். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்த வாசிப்பைக் கேட்டால், அளக்கும் வழியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது தெரியும். ஆனாலும் கன்டினுவம் சொன்னதைச் செய்கிறது. தானாக ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாவது வழிக்குத் தோற்றுவாய் என்று ஒரு கண்டுபிடிப்பைக் காட்ட முடியாது. பழைய வானொலிப் பெட்டிகளின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்த சிறுவர்கள் பல ஊர்களிலும் இருந்தார்கள். வைஸ்விஸும் அவர்களில் ஒருவர். பின்னாளில் அவர் லண்டனின் இஎம்எஸ் நிறுவனம் 1969இல் வெளியிட்ட விசிஎஸ்3 சின்தசைசரைத் திறந்து, அதன் சுற்றிலிருந்து கம்பிகளை வெளியே இழுத்து விரலுக்குக் கொடுத்தார். அமெரிக்காவின் சின்சினாட்டியில், 1960களின் பிற்பகுதியில், ரீட் கசாலா என்ற பதின்வயதுப் பையனின் மேசை இழுப்பறைக்குள் மூடி திறந்து கிடந்த சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஏதோ உலோகத்தில் பட்டுக் குறுக்கிணைப்பாகி விசித்திரமாகக் கத்தியது. தற்செயலில் வந்த அந்தக் குறுக்கிணைப்பை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று அவர் தொடங்கிய பழக்கம் இன்று சர்க்யூட் பெண்டிங் என்ற பெயரில் உலகெங்கும் பரவியிருக்கிறது. பேசும் பொம்மைகள், மலிவான கீபோர்டுகள், எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் விளையாட்டுக் கருவிகள் எல்லாம் திறக்கப்பட்டு, உடலால் தொடும் உலோகப் புள்ளிகள் பொருத்தப்பட்டு, வேறொரு குரலில் பேசுகின்றன.

இந்தக் கலையைக் கற்பிக்கக்கூடியதாக மாற்றியவர் நிக்கோலஸ் காலின்ஸ். 2006இல் வெளிவந்த அவருடைய ‘ஹேண்ட்மேட் எலெக்ட்ரானிக் மியூசிக்’ நூல் பொறியியல் தெரியாத இசைக்காரருக்கும் ஓவியருக்கும் எழுதப்பட்டது. அதில் முக்கிய இடம் பெறும் 40106 என்ற சில்லு சென்னை ரிச்சி தெருக் கடைகளில் தேடக்கூடிய சாதாரணப் பொருள். அதற்குள் ஆறு பகுதிகள்; ஒவ்வொன்றும் ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி சேர்ந்தால் அலைவுச் சுற்றாகிவிடும். மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பி முனைகளை விட்டு அவற்றின் மேல் விரலை வைத்தால் தோலே மின்தடை. உலர்ந்த விரலை லேசாக வைக்கும்போது மின்தடை பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கலாம், 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியோடு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் உறுமல் கிடைக்கும். அழுத்தினாலோ வியர்த்தாலோ மின்தடை பத்தில் ஒன்றாகக் குறைந்து 1,000 ஹெர்ட்ஸுக்குத் தாவும். பதற்றமும் களைப்பும் தோலின் ஈரத்தை மாற்றுவதால், வாசிப்பவரின் உடல்நிலை சுருதியில் கலந்துவிடுகிறது.

அண்மைக் காலத்தில் இவ்வழியின் முதிர்ந்த வடிவம் சோமா ஆய்வகத்தின் விளாட் கிரைமர் உருவாக்கிய லைரா-8. எட்டுக் குரல்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை உலோகப் புள்ளிகள், இரண்டையும் விரல் இணைத்தால் குரல் எழும். குரல்கள் ஒன்றின் அதிர்வெண்ணை இன்னொன்று குலைக்கும்படி கோக்கப்பட்டிருப்பதால், ஒரு குமிழைத் திருப்பினால் தொலைவிலிருக்கும் குரலும் நிறம் மாறும். இதன் ரீங்காரத்தில் மணிக்கணக்கில் கிடக்கலாம்; அதுவே அதன் ஆபத்தும். தொட்ட மாத்திரத்தில் அழகாக முழங்குவதால், முழக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் மிகப் பலர். ஒரே மாதிரியான இருண்ட ரீங்காரப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. பீட்டர் பிளாசரின் மர உடல் கொண்ட கருவிகள் இப்படிச் சுலபமாக வசப்படுவதில்லை. சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும் அவருடைய டொகாண்டே வரிசைக்காக எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. மேக் நாய்ஸ் நிறுவனம் இசைக்கலைஞர் அலெசாண்ட்ரோ கோர்த்தினியோடு சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஸ்ட்ரேகாவிலும் விரலால் சுற்றுகளை இணைக்கும் உலோகப் புள்ளிகள் இருக்கின்றன.

இங்கெல்லாம் இரைச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். லூயிஜி ருஸ்ஸோலோ 1913இல் இரைச்சல் கலைக்கான அறிக்கையை எழுதி, உறுமவும் சீறவும் பெட்டிகள் செய்தபோது நகரத்தின் இயந்திர ஒலிகளை அரங்குக்குக் கொண்டுவர விரும்பினார். 1979 முதல் மெர்ஸ்பௌ என்ற பெயரில் இயங்கும் ஜப்பானின் மசாமி அகிட்டா அதை உடல் தாங்கும் எல்லைவரை கொண்டுபோனார். மின்னணுவியலில் இரைச்சல் எங்கும் இருக்கிறது; ஒரு டிரான்சிஸ்டரைத் தலைகீழாக இணைத்து அது முறியும் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் தூய இரைச்சல் கொட்டும். சுத்தமான ஸ்வரம் கேட்கும் காது உடனே சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறது. இரைச்சலில் அந்தத் தீர்ப்புக்கு வேலை இல்லை. சொரசொரப்பு, அடர்த்தி, உடைவு ஆகியவற்றைக் காது கவனிக்கிறது. விரலின் நடுக்கத்தைப் பிழையாக்காமல் பொருளாக்கும் ஒலி இது ஒன்றுதான். தோலின் வழியே மின்சாரம் ஓடும் கருவிக்கு இரைச்சல் இயல்பான மொழியாவது அதனால்தான்.

இந்தியா இந்த வரலாற்றில் பிந்தி வந்த நாடு கிடையாது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். அதற்கு முன்கையெடுத்தவர் கீதா சாராபாய். 1940களில் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தவர் அவர். மேசை நிறையக் கைக்கட்டுச் சுற்றுகளைப் பரப்பி, அவற்றின் பின்னூட்ட ஒலியை வாசிக்கும் கலைக்கு முன்னோடி டியூடர். ஐ.எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றோர் அங்கே செய்த பதிவுகள் நிறுவனத்தின் ஆவணங்களில் பல்லாண்டுகள் கிடந்தன. இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடியெடுத்து 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவரச் செய்தார். கேட்கும்போது முதலில் வியப்பும் அடுத்து வருத்தமும் வருகின்றன. 1970களின் தொடக்கத்தோடு அந்த முயற்சி நின்றுபோனது. விலை உயர்ந்த ஒற்றை இயந்திரத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட கூடம், அதை நடத்தியவர்கள் விலகியதும் கலைந்துவிட்டது. வைஸ்விஸின் பெட்டியோ ஆளுக்கொன்றாகக் கைமாறிப் பரவியது; அதைக் காப்பாற்ற ஒரு நிறுவனம் தேவைப்படவில்லை.

நம் இசைக் கல்லூரிகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். இறக்குமதி சின்தசைசருக்கு நிதி தேடிக் காத்திருக்க வேண்டாம். ஒரு நீள மேசை, நாலைந்து சாலிடரிங் அயர்ன், 40106 சில்லுகள், சின்ன ஸ்பீக்கர்கள், ஒன்பது வோல்ட் பாட்டரிகள் போதும். கமகம் அறிந்த ஒரு மாணவியையும் மின்தடை அறிந்த ஒரு மாணவரையும் அந்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: தொடும் சுற்று எப்போதும் பாட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். சுவர் மின்சாரத்தில் ஓடும் எந்தப் பெட்டியின் உட்புறத்திலும், செருகியைப் பிடுங்கிய பிறகும்கூட, விரல் வைக்காதீர்கள்.